கான்டர்பரி, யார்க், வெல்ஸ்: பேராலயத்துப் பள்ளிகளில் யாருக்கு எது?

இங்கிலாந்தின் மிகப் பழைய பள்ளி எது என்ற வழக்கு கான்டர்பரிக்கும் யார்க்குக்கும் இடையே இன்னும் ஓயவில்லை. கான்டர்பரியின் கிங்ஸ் பள்ளி, கிறித்தவத்தைப் பரப்ப ரோமிலிருந்து வந்த புனித அகஸ்டின் இங்கிலாந்தில் இறங்கிய 597இலிருந்து தன் வயதை எண்ணுகிறது. யார்க்கின் செயின்ட் பீட்டர்ஸ் பள்ளி 627 என்கிறது. இடைப்பட்ட நூற்றாண்டுகளில் இரண்டும் விடாமல் நடந்தன என்பதற்குச் சான்று மெலிவுதான். கான்டர்பரிப் பள்ளியை மன்னர் எட்டாம் ஹென்றி 1541இல் மறுபடி நிறுவினார்; யார்க்குக்கு 1557இல் அரச சாசனம் கிடைத்தது. பிள்ளையைச் சேர்க்க நினைக்கும் பெற்றோருக்கு இந்த வயதுக் கணக்கால் பயன் ஏதும் இல்லை. பேராலயம் பிள்ளையின் அன்றாடத்தில் எவ்வளவு நுழையும் என்பதே அவர்கள் கேட்க வேண்டிய கேள்வி. அப்படிக் கேட்டால், சாமர்செட்டில் இருக்கும் வெல்ஸ் பேராலயப் பள்ளியையும் இந்த வரிசையில் சேர்த்தாக வேண்டும்.

இடத்தைப் பொறுத்தவரை கான்டர்பரியை யாரும் மிஞ்ச முடியாது. 1540இல் பேராலயத்தை ஒட்டியிருந்த மடம் கலைக்கப்பட்டபோது துறவிகள் விட்டுச்சென்ற வளாகத்திலேயே பள்ளி வேர்விட்டது. 12ஆம் நூற்றாண்டின் நார்மன் படிக்கட்டு பள்ளிக் கட்டடத்தின் ஒரு பகுதி. பேராலயமோ பள்ளியின் வழிபாட்டுக் கூடம்.

ஆனால் எனக்கு இந்தப் பள்ளியின் மீது மதிப்பு வந்தது கற்களால் அல்ல. புதிய பள்ளிக்கு மாணவரைத் தேர்ந்தெடுத்தபோது, செல்வர் வீட்டுப் பிள்ளைகள் மட்டும் போதும் என்றார்கள் சிலர். பேராயர் தாமஸ் கிரான்மர் விடவில்லை. ஏழைப் பிள்ளைக்கும் அறிவை இயற்கை கொடுத்திருக்கிறது; படிக்கத் தகுதியில்லாத செல்வர் மகன் விலகி அவனுக்கு இடம் தரட்டும் என்று வாதாடினார். அந்த வாதத்தின் பலனை அடுத்த தலைமுறையிலேயே பார்க்கலாம்: செருப்புத் தைப்பவரின் மகன் கிறிஸ்டோபர் மார்லோ உதவித்தொகையோடு உள்ளே வந்து, கேம்பிரிட்ஜ் போய், நாடக ஆசிரியரானார். இரத்த ஓட்டத்தை விளக்கிய வில்லியம் ஹார்வியும் இங்கே படித்தவர்தான்.

இன்று அந்தக் கதவு அவ்வளவு எளிதாகத் திறப்பதில்லை. விடுதிக் கட்டணம் ஏற்கெனவே கடுமை. 2025 ஜனவரி முதல் தனியார் பள்ளிக் கட்டணங்களுக்கு 20% மதிப்புக்கூட்டு வரியும் சேர்ந்துவிட்டது. உதவித்தொகை என்றதும் மகிழ்ந்துவிடாமல், அது வெறும் கௌரவமா, குடும்ப வருமானம் பார்த்துக் கட்டணத்தை உண்மையிலேயே குறைப்பதா என்று முதலில் விசாரிக்க வேண்டும்.

இன்னொரு முக்கியமான விஷயம். பேராலயத்துக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்தும், சின்னப் பிள்ளையை அதன் பாடகர் குழுவில் சேர்க்கும் எண்ணத்தோடு கிங்ஸ் பள்ளியை நாடினால் ஏமாற்றம்தான். மேல்நிலைப் பள்ளியில் சேர்வதே 13 வயதில். குரல் உடையும் பருவம் அது. பேராலயத்தில் பாடும் சிறுவர்கள் நெடுங்காலம் படித்தது செயின்ட் எட்மண்ட்ஸ் என்ற வேறு பள்ளியில்.

யார்க்கில் நிலைமை தலைகீழ். செயின்ட் பீட்டர்ஸ் இருப்பது பேராலயத்தின் நிழலில் அல்ல, நகர மதிலுக்கு வெளியே கிளிஃப்டனில். ஆனால் பேராலயத்தின் சொந்தப் பள்ளி 2020இல் மூடப்பட்ட பிறகு, பாடும் சிறுவர் சிறுமியர் இங்கேதான் படிக்கிறார்கள். 1605இல் நாடாளுமன்றத்தை வெடிவைத்துத் தகர்க்கும் சதியில் பிடிபட்ட கை ஃபாக்ஸ் படித்த பள்ளி என்பதால், மற்ற இடங்களில் நவம்பர் 5 அன்று எரிக்கும் அவர் உருவப் பொம்மையை எரிக்காத வழக்கமும் இங்கே உண்டு. வீட்டிலிருந்து போய்வந்தபடியே பாடகர் குழுவிலும் பிள்ளை இருக்க வேண்டும் என்பவர்களுக்கு யார்க் நல்ல தேர்வு.

சரி, இசையே பிள்ளையின் உயிர் என்றால்? தயங்காமல் வெல்ஸ் என்பேன். 909ஐத் தொடக்கமாகச் சொல்லும் இந்தப் பள்ளி, பிரிட்டனில் உள்ள ஒருசில சிறப்பு இசைப் பள்ளிகளில் ஒன்று. அதனால் தேர்வில் தேறும் இசை மாணவருக்கு வருமானத்தைப் பொறுத்து அரசின் இசை, நடனத் திட்ட உதவி கிடைக்க வழி இருக்கிறது. மூன்றில் இந்த வசதி இதற்கு மட்டுமே. பேராலயத்தில் சிறுமியர் குழுவும் 1994 முதல் பாடுகிறது.

எந்த ஊரானாலும் பாடகர் குழுவின் உழைப்பு கடுமையானது. காலையில் பயிற்சி, பள்ளி முடிந்து மாலை வழிபாடு. கிறிஸ்துமஸ் அன்றும் பாட வேண்டும், அப்புறம்தான் விடுமுறை. குரல் உடைந்து குழுவை விட்டு வந்த பின்னும் கட்டணச் சலுகை தொடருமா என்பதைச் சேர்க்கும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.