பார்க்கின்சனுக்கு நடையா, பாக்ஸிங்கா?

ராயபுரத்தில் பாக்ஸிங் புதிதல்ல, ஆனாலும் பார்க்கின்சன் என்ற நடுக்குவாத நோய் உள்ள அப்பாவுக்கு அதுவா என்று பயந்தேன். ஆனால் இந்தப் பயிற்சியில் யாரும் யாரையும் அடிப்பதில்லை. பஞ்சிங் பேக்கைக் குத்துவது மட்டும்தான். பார்க்கின்சன் உள்ளவர்களுக்கான இந்தப் பயிற்சி 2006-ல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் ராக் ஸ்டெடி பாக்ஸிங் என்ற பெயரில் தொடங்கியது.

நடைக்குச் செலவில்லை, இதயத்துக்கும் நல்லது, சரி. ஆனால் நடக்க நடக்கக் காலடி சிறுத்துக்கொண்டே போவதும், திரும்பும்போது கால் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடுவதும் இந்த நோயில் உண்டு. எங்கள் சந்தில் பைக்குகளுக்கு நடுவே அது ஆபத்து. பாக்ஸிங்கில் கையை முழுசாக நீட்டி, இடுப்பைத் திருப்பி, காலை மாற்றி வைத்து, 'ஒண்ணு, ரெண்டு' என்று சத்தமாக எண்ணிக் குத்த வேண்டும், அதனால் அசைவு, சமநிலை, குரல் மூன்றுக்கும் ஒரே பயிற்சி. என் ஓட்டு இதற்குத்தான். டாக்டரைக் கேட்டுவிட்டு, மாத்திரை நன்றாக வேலை செய்யும் நேரத்தில் செய்யுங்கள். அடிக்கடி விழுகிறவர்கள் நாற்காலியில் உட்கார்ந்தே குத்தலாம்.