பழைய ஆம்னியா, மச்சினனின் ஈகோவா?

2024 தொடக்கத்தில் என் மாருதி ஆம்னி வேனுக்கு ஆர்.சி. (பதிவுச் சான்று) புதுப்பிக்கும் தேதி வந்தது. 1999 மாடல், ஈரோட்டுப் பதிவு (டி.என். 33). பதினைந்து வருடம் முடிந்ததும் ஒரு தரம், அப்புறம் ஐந்து வருடத்துக்கு ஒரு தரம் என்ற கணக்கில் இது மூன்றாவது முறை. 2019-ல் 600 ரூபாயாக இருந்த கட்டணம், 2022 ஏப்ரலிலிருந்து 5,000. பசுமை வரி தனி, எஃப்.சி.க்கு (தகுதிச் சோதனை) முன்னால் பெயிண்ட், லைட், பிரேக் என்று தேற்றும் செலவு தனி. அதே வாரம் மச்சினன் பிக்கப் வாங்கப் போவதாகச் சொன்னான். "அந்த ஓட்டை வண்டிய வித்துப் போட்டு என்ற ஈகோவ எடுத்துக்கங்க மச்சா. வெளியாளுக்குக் குடுக்கறதுக்கு உங்களுக்கே குடுத்தர்றேன்" என்றான். 2012 மாடல் மாருதி ஈகோ வேன், ஒரே ஓனரிடம் ஓடியது, விலையும் சொந்தத்துக்கான விலை. ரெண்டு மாதம் ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்று சாவியையும் கொடுத்துவிட்டுப் போனான்.

ஆக ரெண்டு மாதம் வீட்டு வாசலில் ரெண்டு வேன். எனக்குச் சென்னிமலையில் போர்வை, பெட்ஷீட் வியாபாரம். திங்கட்கிழமை ராத்திரி பண்டிலை ஏற்றிக்கொண்டு ஈரோடு ஜவுளிச் சந்தைக்குப் போய், செவ்வாய் சாயங்காலம் திரும்புவது வழக்கம். வண்டி வேலை பெரும்பாலும் நானேதான் பார்ப்பேன். மெக்கானிக் அல்ல, கை கொஞ்சம் துறுதுறு, அவ்வளவுதான். முடிவில் ஆம்னியைத்தான் வைத்துக்கொண்டேன். ஆகவே நான் சொல்வதில் அந்தப் பக்கம் சாய்வு இருக்கும், அதைக் கழித்துக்கொண்டு படிக்கவும்.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடலாம். ஓட்டுவதற்கு ஈகோதான். 796 சி.சி. மூன்று சிலிண்டருக்கும் 1,196 சி.சி. நான்கு சிலிண்டருக்கும் என்ன போட்டி? ஆம்னி சுமார் 35 குதிரைசக்தி, ஈகோ 73. ஆம்னிக்கு நாலு கியர், ஈகோவுக்கு ஐந்து. குடும்பத்தோடு பண்ணாரி போய், அப்படியே திம்பம் ஏறினோம். இருபத்தேழு கொண்டை ஊசி வளைவையும் ஈகோ முனகாமல் ஏறியது. ஆம்னியில் அதே மலையில் பாதி வழி முதல் கியரில்தான் போவேன். சீட்டுக்கு அடியில் இன்ஜின் இருப்பதைத் தொடை சொல்லும். மச்சினன் வண்டியில் ஏ.சி. வேறு. வீட்டம்மாவின் ஓட்டு எதற்கு என்று சொல்லத் தேவையில்லை. மைலேஜ் ரெண்டுக்கும் என் கையில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பாதுகாப்பு என்று பேசினால் ஆம்னிக்காரன் வாயைத் திறக்கக் கூடாது, முழங்காலுக்கு முன்னால் ஒரு தகரம்தான். ஆனால் ஈகோவும் 2016-ல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் பூச்சியம் வாங்கிய வண்டிதான், ஏர்பேக் இல்லாத மாடலில். மூக்கு கொஞ்சம் நீளம் என்பதை நம்பி வேகம் போக வேண்டாம்.

பாரம் ஏற்றுவதில் எனக்கு ஆம்னி பிடிக்கும். பின்னால் கமான் பட்டை, அதாவது தகடு தகடாக அடுக்கிய ஸ்பிரிங். பட்டை தளர்ந்தால் கமான் பட்டறையில் விட்டு ஒரு பட்டை கூட்டி அடித்துக்கொள்ளலாம், யூ போல்ட்டைக் கழற்றி மாட்டுவது வீட்டிலேயே ஆகிற வேலை. ஈகோவில் பின்னாலும் சுருள் ஸ்பிரிங். சொகுசு அதில்தான், ஆனால் பண்டில் ஏறியதும் பின்பக்கம் உட்கார்ந்துகொண்டது. இதை வைத்து நான் முடிவெடுக்கவில்லை.

முடிவெடுக்க வைத்தது வேறு. ரிப்பேர் செலவு என்று எல்லோரும் சாமான் விலையைத்தான் பார்க்கிறார்கள். பழைய வண்டியை வீட்டில் வைத்துப் பார்ப்பவனுக்குச் சாமான் விலை ஒரு பொருட்டல்ல. கோளாறு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க முடிகிறதா? அங்கேதான் பணமும் போகிறது, நாளும் போகிறது.

ஒரு திங்கட்கிழமை ராத்திரி. ஆம்னியில் பதினைந்து பண்டில். வெள்ளோடு தாண்டுவதற்குள் வண்டி இழுத்து இழுத்து, ரெண்டு தரம் தும்மிவிட்டு நின்றது. ஓரம் கட்டி, முன் சீட்டைத் தூக்கி, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு பார்த்தேன். கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் போகும் பாதை முழுக்கக் கண்ணுக்குத் தெரியும்: டேங்க், டியூப், உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் ஃபில்டர், இன்ஜினோடு சேர்ந்த மெக்கானிக்கல் பம்ப், அப்புறம் கார்புரேட்டர். ஃபில்டருக்குள் பாதிக்குமேல் காற்று. டேங்கில் பெட்ரோல் இருக்கிறது, ஆனால் பம்ப் உறிஞ்சும்போது காற்றும் சேர்ந்து வருகிறது. அப்படியானால் பம்புக்கு முன்னால் எங்கோ வெடிப்பு. விரலால் டியூபைத் தடவிக்கொண்டே வந்தால், பம்பில் மாட்டும் முனையில் கிளிப்புக்கு அடியில் ரப்பர் வெடித்து, மடக்கினால் பிளவு தெரிந்தது. இன்ஜின் ஆறும் வரை காத்திருந்து, பண்டில் கட்டும் கயிறு அறுக்கிற கத்தியால் அந்த ரெண்டு அங்குலத்தை நறுக்கிவிட்டு, நல்ல ரப்பரை இழுத்து மாட்டி கிளிப்பை முறுக்கினேன். ஆறியதற்கு அரை மணி, வேலைக்குப் பத்து நிமிடம். சந்தைக்கு நேரத்தோடு போய்விட்டேன். அடுத்த வாரம் டியூப் முழுவதையும் மாற்றினேன். இப்போது பங்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அந்தக் காலத்து ரப்பருக்கு அது பழக்கமில்லை. 1999 வண்டி வைத்திருப்பவர்கள் டியூபையும் பம்புக்குள் இருக்கும் ரப்பர் சவ்வையும் (டயாப்ரம்) ஒரு தரம் பார்த்துவிடுங்கள்.

இப்போது ஈகோ. வந்து மூன்றாவது வாரம், காலையில் ஸ்டார்ட் ஆகும், சந்தையில் மத்தியானம் ஆகாது, சாயங்காலம் ஒன்றும் நடக்காதது மாதிரி ஆகும். டேஷ்போர்டில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் லைட் நினைத்தால் எரியும், நினைத்தால் அணையும். சீட்டைத் தூக்கிப் பார்த்தேன். எல்லாம் சுத்தமாக இருந்தது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன், நன்றாகவே இருந்தது. அதற்கு மேல் எனக்குப் பார்க்க ஒன்றும் இல்லை. முதல் பட்டறையில் பிளக்கையும் காயிலையும் மாற்றினார்கள். சரியாகி நாலு நாள் ஓடியது. ரெண்டாவது இடத்தில், "பம்ப்பு வீக்குங்கண்ணா, டேங்க எறக்கோணுமுங்க" என்று சொல்லி டேங்கை இறக்கி உள்ளே இருந்த மோட்டாரை மாற்றினார்கள். ஒரு வாரம் ஓடியது. மூன்றாவது இடத்தில் ஒரு பையன் ஸ்கேனரை மாட்டிப் பார்த்துவிட்டு வண்டிக்கு அடியில் படுத்தான். இன்ஜின் சுற்றுவதைக் கவனிக்கிற கிராங்க் சென்சருக்குப் போகும் ஒயரை எலி கடித்திருந்தது. முழுதாக அறுக்கவில்லை, நாலு இழையில் ரெண்டு இழை மிச்சம். சூடேறினால் தொடர்பு விடும், ஆறினால் ஒட்டும். ஒரு சாண் ஒயர், கொஞ்சம் டேப். அவன் கேட்டது 300 ரூபாய். அதற்கு முன்னால் நான் கொடுத்தது 11,000 சொச்சம். எலி என் வீட்டு எலி, தேங்காய்க் குவியலுக்குப் பக்கத்தில் வண்டியை விட்டது நான் என்பதால் மச்சினனிடம் காசு கேட்க வாயும் வரவில்லை.

ஈகோ கெட்ட வண்டி என்று இதற்கு அர்த்தமில்லை. அந்த எலி ஆம்னியில் ஏறியிருந்தால் அங்கேயும் கடித்திருக்கும். ஆனால் ஆம்னியில் கடிக்க ஒயரே கொஞ்சம். கடித்திருந்தாலும் டெஸ்ட் லைட்டை வைத்துக் கரண்ட் எதுவரை வருகிறது என்று ஒரு மணி நேரத்தில் பிடித்திருப்பேன். முதல் ரெண்டு பட்டறைக்காரர்களும் ஏமாற்றவில்லை. அவர்களும் என்னைப் போலத்தான், குத்துமதிப்பாக ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தார்கள். அவர்கள் மாற்றிப் பார்த்ததற்குக் காசு என் பையிலிருந்து போனது.

ஸ்கேனர் வாங்கி வைத்துக்கொண்டால் போதாதா என்று கேட்பீர்கள். வாங்கினேன். போனோடு பேசுகிற சின்ன ப்ளூடூத் டப்பா, ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. மச்சினன் வண்டியோடு அது சில நாள் பேசியது, சில நாள் பேசவில்லை. கோட் வந்தாலும் எந்த வட்டாரத்தில் கோளாறு என்றுதான் அது சொல்லும். சென்சரா, ஒயரா, கனெக்டரா என்று கண்டுபிடிக்க மல்டிமீட்டரும் பொறுமையும் வேண்டும். இதில் எனக்கு ரெண்டு மாத அனுபவம்தான். நன்றாகப் பழகியவர்கள் ஈகோவையும் வீட்டிலேயே பார்த்துக்கொள்வார்கள் என்றுதான் நினைக்கிறேன். அதன் கியர்பாக்ஸையோ ஹெட்டையோ நான் திறந்ததே இல்லை. இன்ஜின் அகலம் கூடுதல் என்பதால் சீட்டுக்கடியில் கை நுழைய இடம் குறைவு என்பது மட்டும் நான் கண்டது. புறங்கையில் தழும்பு இருக்கிறது.

ஆம்னியின் குறையை மறைக்கக் கூடாது. கார்புரேட்டர் அடிக்கடி கூப்பிடும். மார்கழிக் காலையில் சோக்கை இழுத்து, அது பாடுகிற வரை காத்திருக்க வேண்டும். பெட்ரோல் வருகிற சின்னத் துளையான ஜெட்டில் தூசி அடைத்தால் ஆக்சிலேட்டரை விட்டதும் அணைந்துவிடும். வருடத்துக்கு ஒரு தரமாவது கழற்றி, ஜெட்டை ஊதி, கேஸ்கெட் மாற்றி மாட்டுகிறேன். ஒரு தரம் மிதவை ஊசியைச் சரியாக உட்கார வைக்காமல் மாட்டிவிட்டேன். பெட்ரோல் வழிந்து வீடு முழுக்க வாசம். வீட்டம்மா அடுப்பை அணைத்துவிட்டு வாசலில் வந்து நின்று பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. அன்றிலிருந்து பெட்ரோல் வேலை எல்லாம் வாசலுக்கு வெளியே, வேப்ப மரத்தடியில், பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டுத்தான். புகைச் சோதனையும் ஒரு தொல்லை. இந்த வயது வண்டிக்குக் கார்பன் மோனாக்சைடு 3 சதவீதம் வரை அனுமதி உண்டு. அதற்குள் வர, காற்று-பெட்ரோல் கலவை ஸ்குரூவைக் கால் திருப்பு, அரைத் திருப்பு என்று வைத்து ஏர் ஃபில்டரையும் மாற்றிக்கொண்டு போவேன்.

எல்லாவற்றையும் நானே செய்கிறேன் என்றும் இல்லை. ஆயில், பிளக், வால்வு இடைவெளி, ரேடியேட்டர் ஹோஸ், பிரேக் ஷூ, கதவு ரோலர் வீட்டில். ஹெட் கேஸ்கெட் போனபோது ஹெட்டைக் கழற்றி ஈரோட்டு லேத்தில் கொடுத்துப் பரப்பு எடுத்து வாங்கினேன், மாட்டியது தெரிந்த மெக்கானிக். தரைத் தகரம் துருப் பிடித்ததற்கு டிங்கரிங். பழைய ஆம்னி வாங்கப் போகிறவர்கள் இன்ஜினை விடத் தரையைப் பாருங்கள்: தரை விரிப்பை எடுத்துவிட்டு, தள்ளு கதவின் தண்டவாளம், பின் சக்கர வளைவு ரெண்டையும் ஸ்குரூ டிரைவரால் குத்திப் பார்க்கணும். நம்ம பக்கம் காற்று வறண்டது என்பதால் தப்பிக்கிறோம். கடலோர நம்பர் வண்டி மலிவாக வருகிறது என்று யாராவது சொன்னால் நான் போய்ப் பார்க்கக்கூட மாட்டேன்.

சாமான் கவலை இதுவரை வரவில்லை. 2019-ல் ஆம்னி உற்பத்தி நின்றது. ஆனால் இன்ஜின் மாருதி 800 குடும்பம். இன்ஜின் சாமான் பெருந்துறையிலேயே கிடைக்கும். கதவுக் கைப்பிடி, கண்ணாடி, லாக் மாதிரி பாடி சாமானுக்குக் கோயம்புத்தூர் உக்கடத்துப் பழைய சாமான் கடைகளில் அரை நாள் அலைந்தால் சரி. இன்னும் பத்து வருடம் கழித்தும் இப்படியே கிடைக்குமா என்றால், அதில் நான் பந்தயம் கட்ட மாட்டேன்.

இடையில் எம்.பி.ஐ. ஆம்னி என்று ஒன்று இருக்கிறது. பெட்டி அதே பெட்டி, கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர். சோக் தொல்லை இல்லை, காலையில் ஒரே சாவியில் பிடிக்கும். தறி வைத்திருக்கும் நண்பர் வண்டியை ஒரு வாரம் ஓட்டியிருக்கிறேன், கழற்றிப் பார்த்ததில்லை. வேலை செய்யப் பிடிக்காது, ஆனால் சின்ன வேன் வேண்டும் என்பவர்களுக்கு அது சரியாக இருக்கலாம். கை வேலைக்காக வாங்குபவருக்கு அதிலும் அந்த மஞ்சள் லைட் உண்டு.

மறுவிற்பனையில் ஈகோவுக்குத்தான் மதிப்பு. மச்சினன் வண்டியைக் காங்கேயத்து எண்ணெய் வியாபாரி ஒருவர் பார்த்த அன்றே அட்வான்ஸ் கொடுத்து எடுத்துப் போனார். எலி விஷயத்தையும் சொல்லித்தான் கொடுத்தோம். என் ஆம்னியை விற்றால் என்ன வரும் என்று நான் விசாரிக்கவில்லை.

5,000 கட்டிப் புதுப்பித்துவிட்டேன். அடுத்தது 2029-ல். இருபது வருடம் தாண்டிய வண்டிக்கு 2025 ஆகஸ்டிலிருந்து 10,000 என்று ஆக்கிவிட்டார்கள் என்பதால், அப்போது இந்தக் கணக்கை மறுபடி போட வேண்டியிருக்கும். இப்போதைக்கு உக்கடத்தில் வாங்கிய கதவு ரோலர் ரெண்டு டேஷ்போர்டில் உருண்டுகொண்டிருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை மாட்ட வேண்டும்.