திருகோணமலையில் கணினி திருத்தக் கொடுத்தவர்கள் இதை ஒருமுறை படியுங்கள்

என் பென் ட்ரைவ் வழியாக மூன்று ஆசிரியர்களின் வீட்டுக் கணினிக்குள் வைரஸ் போயிருக்கிறது. காசு போனதைக்கூட விட்டுவிடுவேன், இதைத்தான் என்னால் விட முடியவில்லை. அதனால்தான் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

சித்திரை விடுமுறையில் ஆரம்பித்தது. வீட்டுக் கணினித் திரையின் வலது பக்கக் கீழ் மூலையில் ஒரு சின்னப் பெட்டி வந்து வந்து போனது. கணினியில் ஐந்து வைரஸ் இருக்கிறது, உடனே அழுத்துங்கள் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. பக்கத்தில் பிரபலமான ஒரு அன்ரிவைரஸின் சின்னம். மகளுக்கு உயர்தர வகுப்பு ஸூமில் நடக்கும் நேரம். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை அது துள்ளி வந்தால் பிள்ளை எப்படிப் படிப்பது? சிபியுவைக் கழற்றி, மடியில் வைத்துக்கொண்டு, உவர்மலையிலிருந்து ஓட்டோவில் நகரத்துக்குப் போனேன்.

கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. அங்கே இருந்த தம்பி ஐந்து நிமிடம் பார்த்தார். "ரீச்சர், இது பெரிய வைரஸ். விட்டா ஹார்ட் டிஸ்க்கையே சாப்பிட்டிரும். விண்டோஸோட வாற அன்ரிவைரஸ் சும்மா பேருக்குத்தான், அது ஒண்டையும் பிடிக்காது" என்றார். சுத்தம் செய்ய 3,500 ரூபாய், மூன்று வருட லைசன்ஸ் உள்ள அன்ரிவைரஸுக்கு 4,800. மொத்தம் 8,300. பற்றுச்சீட்டு கேட்டேன். கல்குலேட்டரில் கூட்டிய தொகையை ஒரு துண்டுத் தாளில் எழுதித் தந்தார். கடையின் பெயர் இல்லை, திகதி இல்லை, எந்தச் சாமான் என்றும் இல்லை. வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பெட்டி வருவது நின்றது. நிம்மதியாக இருந்தோம்.

இரண்டு மாதம் கழித்து அந்த அன்ரிவைரஸின் சின்னம் சிவப்பாக மாறியது. லைசன்ஸ் தடுக்கப்பட்டிருக்கிறது என்றது. கடைக்கு அழைத்தால், "கொம்பனியில பிரச்சினை ரீச்சர், கொண்டு வாங்கோ, 1,500க்குப் புதுசு போட்டுத் தாறன்" என்ற பதில். தவணைப் பரீட்சை வேலை தலைக்கு மேல் இருந்ததால் போகவில்லை. வினாத்தாள்களைப் பாமினி எழுத்துருவில் அடித்து, பென் ட்ரைவில் போட்டு, அச்செடுக்க ஒரு கொமினிக்கேஷனுக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த அண்ணா செருகியதும் அவருடைய கணினி கத்தியது. "உங்கட பென்னில வைரஸ் இருக்கு ரீச்சர்" என்றார். திரையைப் பார்த்தேன். 'தரம் 9', 'தரம் 10' என்று நான் வைத்த ஃபோல்டர் எல்லாவற்றின் மூலையிலும் ஒரு குட்டி அம்புக்குறி. ஃபோல்டர்கள் மறைக்கப்பட்டு, அவற்றின் இடத்தில் அதே பெயரில் ஷோர்ட்கட்கள் உட்கார்ந்திருந்தன. அதை இரண்டு தரம் அழுத்தினால் ஃபோல்டரும் திறக்கும், கூடவே வைரஸும் ஓடும். அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. முந்தைய வாரம்தான் அதே பென்னை மூன்று பேருக்குக் கொடுத்திருந்தேன்.

தங்கையின் மகன் கோணேசபுரி வளாகத்தில் கணினி படிக்கிறான். சனிக்கிழமை வந்தான். முதலில் விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்தான். பச்சை நிற சரி அடையாளம், பிரச்சினை ஒன்றும் இல்லை என்றது. "நல்லாத்தானே இருக்கு" என்றேன். "பொறுங்கோ பெரியம்மா" என்று சொல்லி, வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்‌ஷன், அதற்குள் மேனேஜ் செட்டிங்ஸ், அதன் அடியில் எக்ஸ்க்ளூஷன்ஸ் என்று போனான். அங்கே மூன்று வரிகள். சி ட்ரைவ், டி ட்ரைவ், ஈ ட்ரைவ்.

இது என்ன என்று கேட்டேன். விண்டோஸோடு வரும் அன்ரிவைரஸின் பெயர் டிஃபெண்டர், இந்தப் பட்டியலில் இருப்பவற்றை அது பார்க்காது என்றான். சி, டி இரண்டும்தான் எங்கள் முழு ஹார்ட் டிஸ்க்கும். ஈ என்பது பென் ட்ரைவ் செருகினால் அதற்குக் கிடைக்கும் எழுத்து. கடை விற்ற அன்ரிவைரஸ் கிராக் செய்தது, அதாவது லைசன்ஸ் பூட்டை உடைத்த கள்ளப் பிரதி. அந்தக் கிராக்கை டிஃபெண்டர் பிடித்துவிடும் என்பதற்காக மூன்று ட்ரைவையும் விலக்கி வைத்திருக்கிறார்கள். கள்ளச் சாவி தடைபட்டதும் அன்ரிவைரஸுக்குப் புதுப்பிப்பு நின்றது. டிஃபெண்டர் தானாகத் திரும்ப எழும்பியது, ஆனால் கண்ணைக் கட்டிவிட்ட காவல்காரனாக. காசு கொடுத்து எங்கள் வீட்டுக் கதவைத் திறந்து வைத்திருக்கிறோம்.

முதலில் வந்த அந்தப் பெட்டி வைரஸே இல்லை. ஏதோ ஒரு தளத்தில் மகள் 'அலவ்' என்று அழுத்தியிருக்கிறாள். அந்தத் தளம் குரோம் வழியாக அனுப்பிய விளம்பர அறிவிப்பு அது. குரோமின் செட்டிங்ஸில் சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் போய், தெரியாத தளத்தை நீக்கினால் முடிந்தது. அரை நிமிட வேலைக்கு 8,300 ரூபாய்.

அப்புறம் அவன் செய்ததைச் சொல்கிறேன். கிராக் அன்ரிவைரஸை அகற்றினான். மூன்று வரிகளையும் அழித்தான். டிஃபெண்டரைப் புதுப்பித்து ஓஃப்லைன் ஸ்கேன் கொடுத்தான். கணினி தானாக அணைந்து எழும்பி, விண்டோஸ் தொடங்குமுன்பே தேடும், கால் மணி நேரம் அளவில் முடிந்துவிடும். பிறகு ஃபுல் ஸ்கேன், அது மாலைவரை போனது. பென் ட்ரைவையும் ஸ்கேன் செய்து, மறைந்த ஃபோல்டர்களைக் காட்டும்படி மாற்றினான். என் வினாத்தாள்கள் எல்லாம் அப்படியே இருந்தன. இப்படி ஆனவர்கள் பயந்துபோய் பென்னை ஃபோமற் செய்து எல்லாவற்றையும் அழித்துவிடாதீர்கள். கிராக்குகளோடு கடவுச்சொல் திருடும் நிரல்களும் வருவது வழக்கமாம். ஆகவே மின்னஞ்சல், வங்கி, முகநூல் கடவுச்சொற்களை அந்தக் கணினியில் அல்லாமல் என் ஃபோனில் வைத்து மாற்றச் சொன்னான். மாற்றினேன்.

வேறு அன்ரிவைரஸ் வாங்கவா என்றும் கேட்டேன். ஜேர்மனியில் ஏவி-டெஸ்ட் என்ற நிறுவனம் இவற்றைச் சோதித்துப் புள்ளி போடுகிறது. டிஃபெண்டர் பல சுற்றுகளில் பாதுகாப்புக்கு 6க்கு 6 வாங்கியிருக்கிறது. வீட்டுப் பாவனைக்கு அது போதும், புதுப்பித்து வைத்திருந்தால் சரி என்றான். வாங்கத்தான் வேண்டுமென்றால் தயாரித்த நிறுவனத்தின் சொந்தத் தளத்தில், உங்கள் மின்னஞ்சலில் கணக்குத் திறந்து வாங்குங்கள். எப்போது முடிகிறது என்பதை நீங்களே பார்க்கலாம். இரண்டு அன்ரிவைரஸை ஒன்றாகப் போடவேண்டாம், ஒன்றோடொன்று மோதிக் கணினி இழுபடும்.

கடைக்குப் போய்க் கேட்டேன். சொஃப்ட்வெயாருக்கு உத்தரவாதம் இல்லை என்றார்கள். துண்டுத் தாளைக் காட்டினேன், இது எங்கட தாளா என்று கேட்டார்கள். கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டும் என்று 2003ஆம் ஆண்டின் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தில் இருக்கிறது. அந்த அதிகாரசபையின் தொலைபேசி இலக்கம் 1977. அன்றைக்கே எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

பென் கொடுத்த மூன்று வீட்டுக்கும் தங்கையின் மகனைக் கூட்டிக்கொண்டு போனேன். அதில் ஒரு ரீச்சரின் கணினியிலும் எக்ஸ்க்ளூஷன்ஸில் சி ட்ரைவ் இருந்தது. அவர் திருத்தக் கொடுத்தது வேறொரு கடையில்.