தோட்டக் கணக்குக்குத் தேதி அச்சிட ஜாவாஸ்கிரிப்டின் 'இன்டில்' போதுமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணத்தில் செக்ரோல் (தொழிலாளர் வருகை, சம்பளப் பதிவேடு), செம்பனை நிறுவைச் சீட்டு, மளிகைக்கடை ரசீது எதுவானாலும் நாள், மாதம், ஆண்டு என்ற வரிசைதான் செல்லும். மென்பொருள் அமெரிக்க முறையில் 3/5/2025 என்று அச்சிட்டால், மார்ச் 5ஐ எல்லாரும் மே 3 என்றே படிப்பார்கள். இதைச் சரிசெய்யத் தனி லைப்ரரி (பிறர் எழுதிய நிரல் தொகுப்பு) எதுவும் வேண்டாம். ஜாவாஸ்கிரிப்டில் தேதி, நேரத்தை அந்தந்த மொழி, நாட்டு முறையில் எழுதித் தரும் கருவியாக உலாவியோடு வரும் 'இன்டில் டேட்டைம்ஃபார்மேட்' (Intl.DateTimeFormat) தாராளமாகப் போதும்.

மொழிக் குறியீடாக 'டிஏ-எம்வை' (ta-MY, மலேசியத் தமிழ்), தேதியின் நீளத்தைச் சொல்லும் டேட்ஸ்டைலாக 'லாங்' கொடுத்தால் "5 மார்ச், 2025" என்று வரும். 'எம்எஸ்-எம்வை' (ms-MY) என்று மாற்றினால் அதே தேதி மலாயில் வந்துவிடும். ஆனால் டேட்ஸ்டைலோடு வீக்டே (கிழமை), மந்த் (மாதம்) போன்ற தனி அமைப்புகளைக் கலந்து கொடுக்கக் கூடாது. நிரல் டைப்எரர் என்ற பிழை அடித்து நின்றுவிடும்.

டைம்ஸோன் விஷயத்தில்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். தேதியை டேட்டாபேஸுக்கு அனுப்ப 'டுஐஎஸ்ஓஸ்ட்ரிங்' (toISOString) போட்டு முதல் பத்து எழுத்தை வெட்டுவது பரவலான பழக்கம். அது தருவது யுடிசி (உலகப் பொது நேரம்) தேதி. மலேசியா அதற்கு 8 மணி நேரம் முன்னால் இருப்பதால், காலை 6 மணிப் பெரட்டில் (வேலைக்கு முன் ஆள் கணக்கெடுப்பில்) கிராணி (தோட்டக் கணக்கர்) பதியும் வருகை முந்தைய நாள் கணக்கில் விழும். மாதத்தின் முதல் நாள் என்றால் போன மாதச் சம்பளத்தில் சேர்ந்துவிடும். ஆபீஸில் 10 மணிக்குச் சோதித்தால் எல்லாம் சரியாகவே தெரியும், அதனால்தான் இந்தப் பிழை லேசில் சிக்குவதில்லை. டைம்ஸோனை 'ஏசியா/கோலா_லும்பூர்' என்று வெளிப்படையாகக் கொடுங்கள் (நடுவில் அண்டர்ஸ்கோர் விட்டுப்போனால் ரேஞ்ச்எரர் என்ற பிழை வரும்). பிறகு இன்டிலின் 'ஃபார்மேட்டுபார்ட்ஸ்' (formatToParts) மூலம் ஆண்டு, மாதம், நாளைத் தனித்தனியாக எடுத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிறந்த தேதியில் இன்னொரு வில்லங்கம் உண்டு. தீபகற்ப மலேசியாவின் நேரம் 1982 ஜனவரி 1 முதல்தான் யுடிசி+8. அதற்கு முன் +7:30. 1970ல் பிறந்த தொழிலாளியின் ஐசி (அடையாள அட்டை) எண்ணிலிருந்து தேதியை எடுத்து, நள்ளிரவு +08:00 என்று சேமித்தால், இன்டில் பழைய நேரத்தைச் சரியாகக் கணக்கிட்டு முந்தைய நாள் இரவு 11:30 என்று காட்டும். தவறு இன்டிலில் இல்லை. பிறந்த நாளுக்கு மணி நேரமே கூடாது. அதை வெறும் எழுத்தாகவே சேமிக்க வேண்டும்.

வேகத்தைப் பொறுத்தவரை, ஃபார்மேட்டரை (இன்டில் டேட்டைம்ஃபார்மேட் பொருளை) ஒரு முறை உருவாக்கி எல்லா வரிக்கும் அதையே பயன்படுத்துங்கள். ஆயிரம் வரிச் செக்ரோலில் ஒவ்வொரு வரிக்கும் 'டுலோக்கேல்டேட்ஸ்ட்ரிங்' (toLocaleDateString) அழைத்தால் திரை திணறும்.

குறை இல்லாமல் இல்லை. உலாவி புதுப்பிக்கப்படும்போது இன்டில் தரும் எழுத்தும் மாறலாம். 2023ல் சில பதிப்புகளில் ஆங்கில நேரத்தில் ஏஎம், பிஎம்முக்கு முன்னிருந்த இடைவெளியே வேறு குறியாக மாறி, அதை ஒப்பிட்டுப் பார்த்த நிரல்கள் உடைந்தன. இன்டில் தரும் எழுத்தை அச்சிட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், நிரல் அதைத் திரும்பப் படித்துத் தேதியாக மாற்ற வேண்டாம்.

முப்பது நாள் கூட்டுவது, கழிப்பது போன்ற வேலைக்கு இன்டில் உதவாது. அதற்கு டே.ஜேஎஸ் (Day.js) என்ற லைப்ரரி சிறியது, நல்லது. அதன் தேதி வடிவத்தில் பெரிய எழுத்து 'எம்எம்' (MM) மாதம், சிறிய எழுத்து 'எம்எம்' (mm) நிமிடம் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. பழைய தேதி லைப்ரரியான மொமென்ட் 2020லேயே பராமரிப்பு நிலைக்குப் போய்விட்டதால் புது வேலைக்கு வேண்டாம். மணி நேரமில்லாத தேதிக்குச் சரியான விடை, ஜாவாஸ்கிரிப்டின் புதிய தேதி வசதியான டெம்போரலின் 'பிளெய்ன்டேட்' (PlainDate). 2025ல் ஃபயர்பாக்ஸ் 139 அதைக் கொண்டுவந்தது, ஆனால் தோட்ட ஆபீஸ்களின் பழைய கணினிகளுக்குப் பாலிஃபில் (உலாவியில் இல்லாத வசதியை ஈடுகட்டும் நிரல்) சேர்த்தே கொடுக்க வேண்டியிருக்கும்.