பிரெஞ்சு வாய்க்கு ஆங்கிலம்: புத்தகமா, அட்டையா, தொடரா?

லண்டனில் ஒரு கல்யாண வீடு. பாரிஸ் புறநகரில் பிறந்து வளர்ந்த என் அக்காவின் மகன் பந்திக்குப் பிந்திப் போனான். பிரியாணி முடிந்துவிட்டது. பரிமாறிக்கொண்டிருந்த மாமியிடம், "ஐ ஆம் வெரி டிசீவ்ட்" என்றான். மாமி பதறிப்போய், "ஆர் தம்பி உன்னை ஏமாத்தினது?" என்று கேட்டார்.

அவன் மனதில் இருந்தது 'தெஸ்யூ' என்ற பிரெஞ்சுச் சொல். எதிர்பார்த்தது கிடைக்கவில்லை என்று பொருள். ஆங்கிலத்தில் 'டிசீவ்ட்' என்றால் யாரோ மோசடி செய்துவிட்டார்கள். தமிழில் 'ஏமாந்துபோனேன்' என்று சொன்னால் இரண்டுக்கும் ஆகும். ஆங்கிலம் அந்தச் சலுகையைத் தருவதில்லை.

1066இல் நார்மண்டி வில்லியம் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சுச் சொற்கள் ஆங்கிலத்துக்குள் வெள்ளமாய்ப் போயின. தொழுவத்தில் நிற்கும் மாடு 'கவ்', தட்டுக்கு வந்தால் பிரெஞ்சு வழி வந்த 'பீஃப்'. ஆகவே பிரெஞ்சு பேசுபவருக்கு 'நேஷன்', 'இன்ஃபர்மேஷன்' எல்லாம் படிக்காமலே தெரியும். தெரியாதவை 'கிவ் அப்', 'புட் அப் வித்', 'லுக் ஆஃப்டர்' மாதிரிக் குட்டிச் சொற்களின் கூட்டணிகளும், மரபுத்தொடர்களும்தான். 'கிவ் அப்' வர வேண்டிய இடத்தில் 'அபண்டன்' என்பார்கள். பிழையில்லை, ஆனால் தேநீர்க் கடையில் நின்று அரசாங்கக் கடிதம் வாசிப்பது போலிருக்கும். எந்த முறை இந்த ஓட்டையை அடைக்கிறது என்பதுதான் என் ஒரே அளவுகோல். அதை வைத்து மூன்றைப் பார்த்தோம்.

முதலில் அசிமில். பிரான்சில் மூன்று தலைமுறையாவது கையில் வைத்திருந்த புத்தக வரிசை. 1929இல் வந்த முதல் ஆங்கிலப் புத்தகத்தின் முதல் வாக்கியம் 'மை டெய்லர் இஸ் ரிச்' இன்றைக்கும் அங்கே பகிடி. பாருங்கள், டெய்லரும் ரிச்சும் பிரெஞ்சுக்காரருக்கு ஏற்கெனவே உறவுக்காரர்! நாளுக்கு ஒரு பாடம். ஐம்பதாம் பாடம் வந்ததும், புதுப் பாடத்தோடு முதல் பாடத்துக்கும் திரும்பி, பிரெஞ்சைப் பார்த்து ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். இந்த இரண்டாம் சுற்றுத்தான் அதன் உயிர். எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு மொழியும் இருப்பதால் மரபுத்தொடர் எங்கே பிரிகிறது என்று கண்ணுக்குத் தெரியும். அடிப்படையே இல்லாதவருக்கு இதுதான் சரி. பள்ளியில் ஏழெட்டு வருடம் ஆங்கிலம் படித்தவனுக்கு முதல் பாதி தூக்கம் வரும். எங்கள் ஆள் பன்னிரண்டாம் பாடத்தில் புத்தகத்தை மூடினான்.

அடுத்தது அங்கி. முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் பதில் என்று எழுதிய அட்டையை, மறக்கப்போகும் நேரம் பார்த்துத் திரும்ப நீட்டும் செயலி. கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம், ஐபோனுக்குக் காசு. இதில் பெரும்பாலானோர் செய்யும் தவறு, யாரோ செய்துவைத்த ஐயாயிரம் சொல் அட்டைக் கட்டை இறக்கிக்கொள்வது. அதில் பாதி அவர்களுக்குத் தெரிந்த சொல்லே. அட்டையை நீங்களே எழுத வேண்டும், அதுவும் எழுதும் விதம் இருக்கிறது. அவன் முதலில் எழுதியது: முன்பக்கம் 'புட் அப் வித்', பின்பக்கம் 'தொலெரே'. ஒரு மாதம் கழித்தும் வாயைத் திறந்தால் 'டாலரேட்'தான் வந்தது. வராமல் என்ன செய்யும்? பிறகு மாற்றினோம். முன்பக்கம், பிரெஞ்சில் அவன் உண்மையாகவே சொல்லும் வாக்கியம்: 'ழ ன ல சுப்போர்த் பா', அவனை என்னால் சகிக்க முடியாது. பின்பக்கம்: 'ஐ கான்ட் புட் அப் வித் ஹிம்'. அதன் கீழே சிவப்பில், 'சப்போர்ட் அல்ல'. வாய் வழுக்கும் இடத்திலேயே தடுப்பு. மரபுத்தொடருக்கும் இதே வழி. பிரெஞ்சில் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராதவர் 'முயல் வைத்துவிட்டார்'. ஆங்கிலத்தில் 'ஸ்டுட் மீ அப்', முயலே கிடையாது. தொண்டை கட்டினால் பிரெஞ்சுக்காரருக்குள் பூனை, ஆங்கிலேயருக்குள் தவளை. சொல்லாமல் நழுவுவதை பிரெஞ்சுக்காரர் 'ஆங்கிலேயர் பாணி' என்கிறார். ஆங்கிலேயர் அதையே 'பிரெஞ்சு லீவ்' என்கிறார். இந்தச் சண்டையில் நாம் தலையிட வேண்டாம்.

மூன்றாவது, தொடர்களை மூலமொழியில் பார்ப்பது. பிரெஞ்சில் 'வே-ஓ' என்பார்கள். பிரெஞ்சுத் தொலைக்காட்சி காலங்காலமாகக் குரல் மாற்றியே காட்டிப் பழக்கிவிட்டதால் இதற்குக் காது பழக நாளாகும். பிரெஞ்சு வசன வரி போட்டால் பயன் குறைவு: திரையில் யாரோ தவளை என்பார், கீழே பூனை ஓடும், கண் பூனையோடு போய்விடும். ஆங்கில வரி போடுங்கள். 'புட் அப் வித்' பேச்சில் 'புட்டப்விட்' என்று ஒரே மூச்சில் ஓடுவதை வேறெங்கும் பிடிக்க முடியாது. ஆனால் பார்ப்பதோடு நிறுத்தினால் மறுவாரம் எதுவும் மிஞ்சாது.

என் தேர்வு அங்கிதான், ஆனால் தொடரிலிருந்து நாளுக்கு இரண்டே அட்டை, அதற்கு மேல் வேண்டாம். எதை எழுதுவது என்று தெரியாத கட்டத்தில் இருப்பவர் மட்டும் அசிமிலில் தொடங்கலாம்.

அடுத்த கல்யாணம் ஆவணியில். போன கிழமை மாமி தொலைபேசியில் வந்தபோது இவன், "ஐ ஆம் லுக்கிங் ஃபார்வர்ட் டு த பிரியாணி" என்றான். மாமி, "இந்தமுறை உனக்கெண்டு முதலே எடுத்து வைக்கிறன்" என்றார்.