டீசல் மோட்டாரா, சோலார் மோட்டாரா?

தாராபுரம் பக்கம் இலவச மின் இணைப்புக்குக் காத்திருக்கும் தோட்டத்துக்கு இப்போதைக்கு இந்த இரண்டு வழிதான். 5 குதிரைத்திறன் டீசல் இன்ஜின் மணிக்கு ஏறக்குறைய 1 லிட்டர் குடிக்கும். ஆனால் விலை குறைவு, நடுராத்திரியிலும் தண்ணீர் இறைக்கும்.

சோலார் முதலில் கையைக் கடிக்கும். 2019-ல் வந்த குசும் திட்டத்தில் மத்திய அரசு 30 சதவீதமும் மாநில அரசு 30 சதவீதமும் மானியம் தருவதால் பாரம் பாதிக்கு மேல் இறங்கிவிடும். அப்புறம் எரிபொருள் செலவே கிடையாது. பேனலில் படியும் புழுதியைத் துடைத்தால் போதும். ராத்திரி ஓடாது, சரி. பகலிலேயே தொட்டியை நிரப்பிச் சொட்டுநீருக்கு விடலாம்.

தென்னந்தோப்புக்கு நான் சோலார் பக்கம்தான். பழைய இன்ஜினை மட்டும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆடிக்காற்றோடு வரும் மேகம் மழை தராமல் வெயிலை மட்டும் மறைக்கும் நாட்களில் அது கைகொடுக்கும்.