கெல்லி கோட்டை: பேய்க்காகப் போகாதீர்கள், கொத்து வேலைக்காகப் போங்கள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் பத்து காஜா ஊர்ப் பக்கம் இருக்கும் கெல்லி கோட்டையைப் பற்றிப் பேச்செடுத்தால், பேய்க் கதையில்தான் போய் நிற்கும். எனக்கு அதில் வருத்தம் உண்டு. அந்தச் சுவர்களை ஒருமுறை கிட்டத்தில் போய்ப் பார்த்தவர்கள் பேயைப் பற்றிப் பேசமாட்டார்கள்.

வில்லியம் கெல்லி ஸ்மித் ஸ்காட்லாந்துக்காரர், ரப்பர் தோட்ட முதலாளி. இருந்த வீடு போதாதென்று 1915இல் இந்த மாளிகையைத் தொடங்கினார். பழைய வீட்டின் இடிந்த மிச்சமும் அங்கேயே இருக்கிறது. செங்கல்லும் பளிங்கும் இந்தியாவிலிருந்து வந்தன. கட்டிய கைகளும் மதராசிலிருந்து வந்தவைதான். நடுவில் ஸ்பானிஷ் காய்ச்சல் பரவித் தொழிலாளர்கள் பலர் இறந்துபோனார்கள். 1926இல் ஸ்மித்தும் லிஸ்பனில் நிமோனியாவில் போய்விட்டார். மனைவி தோட்டத்தை விற்றுவிட்டார். அதோடு வேலை நின்றது.

கட்டடம் முடியாமல் போனதுதான் பார்க்கிறவர்களுக்கு லாபம். பூச்சு இல்லாத இடங்களில் கொத்தனாரின் வேலை அப்படியே தெரிகிறது. நடைபாதை வளைவு ஒன்றின் கீழே நின்று அண்ணாந்து பாருங்கள். ஒவ்வொரு செங்கல்லும் நடுவை நோக்கிச் சாய்ந்து, பக்கத்துச் செங்கல்லைத் தாங்கியபடி நிற்கிறது. சில வளைவுகள் குதிரை லாட வடிவில் அடியில் உள்ளே வாங்குகின்றன. அது மூரிஷ் பாணி, அதாவது ஸ்பெயினையும் வட ஆப்பிரிக்காவையும் சேர்ந்த முஸ்லிம்களின் கட்டடப் பாணி. மொத்தக் கட்டடமும் இந்திய, இஸ்லாமிய, ஐரோப்பியப் பாணிகளைக் கலந்த இந்தோ-சாரசனிக் வகை. சென்னை உயர் நீதிமன்றத்தைப் பார்த்தவர்களுக்கு ஒரே குடும்பத்து ஜாடை தெரியும். ஐரோப்பியக் கோட்டையை எதிர்பார்த்துப் போகிறவர்கள் அங்கே தடுமாறுவார்கள்.

அப்புறம் கோபுரம். மலாயாவின் முதல் மின்தூக்கியை இங்கேதான் வைப்பதாக இருந்தார்களாம். அதற்காக விட்ட குழி மட்டும் காலியாக இருக்கிறது. அறைகளுக்குள் சாமான் அதிகமில்லை, சீக்கிரம் பார்த்துவிடலாம். மொட்டை மாடியில் மட்டும் அவசரப்படாதீர்கள். படிகள் குறுகல், பெரியவர்களைக் கைபிடித்து ஏற்றுங்கள்.

பலரும் இங்கேயே திரும்பிவிடுகிறார்கள். அது பெரிய தப்பு. சற்றுத் தள்ளி, தொழிலாளர்கள் கேட்டு ஸ்மித் கட்டிக்கொடுத்த மாரியம்மன் கோவில் இருக்கிறது. அங்கே தெய்வச் சிலைகளின் வரிசையில் கோட்டும் தொப்பியும் போட்ட வெள்ளைக்காரர் ஒருவர் நிற்பார். அது ஸ்மித்தின் உருவம் என்கிறார்கள். கோட்டைக்கு முதலாளியின் பெயர் கிடைத்தது. கட்டியவர்களில் ஒருவர் பெயரும் நமக்குத் தெரியாது. அவர்கள் கும்பிட்ட இடத்தையாவது பார்க்காமல் வரக்கூடாது என்பது என் கருத்து.

காலையிலேயே போய்விடுங்கள், மதிய வெயிலில் மாடியில் நிற்க முடியாது. பக்கத்து நகரமான ஈப்போவிலிருந்து காரில் போவது சுலபம். கோட்டை, கோவில் இரண்டுக்கும் சேர்த்து அரை நாள் ஒதுக்கினால் சரியாக இருக்கும்.